சனிக்கிழமை ராத்திரி சர்வர் வேலை

நம் சங்கக் குடும்பங்களில் கணினித் துறைப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. 'மெயில் சர்வரைச் சுருக்க வேண்டும்' என்று சனிக்கிழமை இரவு கிளம்பிப்போய், ஞாயிறு மதியம் சிவந்த கண்களோடு திரும்புவார்கள். இதில் பெரும்பகுதி வீண் உழைப்பு என்பது, அத்துறையிலேயே காலம் தள்ளிய என் கருத்து.

மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் கடிதங்களை அழித்தால் டேட்டாபேஸ் கோப்பு சிறுத்துவிடாது. அழித்தவை வழக்கமாக 14 நாள் உள்ளேயே கிடந்து, பிறகு வெற்றிடமாகும். புதுக் கடிதங்கள் அங்கே வந்து உட்காரும். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. சுருக்கியே தீருவேன் என்றால் அஞ்சலை நிறுத்தி, 'எஸ்யூட்டில்' ஓட்டி, அத்தனையையும் புதிதாக எழுத வேண்டும். அதற்குப் புதுக் கோப்பின் அளவில் 110 சதவீதம் காலி இடம் வேண்டும். இடமில்லை என்றுதானே இந்த வேலையே! முடிந்ததும் முழு பேக்கப் வேறு எடுத்தாக வேண்டும். பழைய லாக் கோப்புகள் புதியதோடு ஒட்டாது.

மாற்றலாகி ஊர் ஊராய்ப் போன நமக்குத் தெரியும், வீடு மாறும்போதுதான் பரண் சுத்தமாகும். வேறு டிஸ்கில் புது டேட்டாபேஸ் தொடங்கி, அஞ்சல் பெட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேற்றிவிட்டுப் பழையதை நீக்கிவிடலாம். இதற்கும் இடம் வேண்டும்தான். ஆனால் 2010 பதிப்பு முதல் பெட்டி நகரும்போதும் கடிதம் படிக்கலாம்.

மிச்சமாகும் இரவில் பேக்கப்பை மீட்டுப் பாருங்கள். நான் இருந்த அலுவலகம் ஒன்றில் வருஷக்கணக்கில் டேப் எடுத்தோம், ஒரு தடவைகூட மீட்டுப் பார்த்ததில்லை. டிஸ்க் போன அன்று நாலு டேப்பில் மூன்று வாசிக்கவில்லை. இரண்டு மாதத்தில் ஓய்வு பெறவிருந்த ஒருவர், பென்ஷன் கடிதங்கள் எப்போது திரும்ப வரும் என்று தினமும் என் மேஜைக்கு வந்து கேட்டுக்கொண்டிருந்தார்.