அன்று கோணி, இன்று போன்



சத்தாராவில் பள்ளிக்கூடம் போன சிறுவன் பீமாராவுக்கு உட்கார இடம் தரவில்லை பள்ளி. வீட்டிலிருந்து கோணியைச் சுமந்துபோய், மூலையில் விரித்து உட்கார்ந்து, சாயங்காலம் அதையே திரும்பச் சுமந்து வந்தார். குழாயைத் தொடக்கூடாது. பியூன் திறந்துவிட்டால் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகம்.

இன்று நம் பிள்ளை பெஞ்சில் உட்காருகிறது. ஆனால் பல பள்ளிகளில் வீட்டுப்பாடம் எங்கே இருக்கிறது? வாட்ஸ்அப் குரூப்பில். போன் எங்கே? காலை ஆறு மணிக்கே கட்டட வேலைக்குக் கிளம்பிய அப்பன் சட்டைப் பையில். அவன் இருட்டி வீடு வந்தால் சார்ஜ் இல்லை. சார்ஜ் இருந்தால் ரீசார்ஜ் இல்லை. ரெண்டும் இருந்தால் பிள்ளை தூங்கிப்போச்சு. மறுநாள் வகுப்பில் கேட்கிறார்கள்: "குரூப்புல போட்டேனே, பாக்கலையா? உங்க வீட்ல படிப்பு மேல அக்கறையே கெடையாது."

யாருக்கு அக்கறை இல்லை? பள்ளி தரவேண்டியதைச் சேரி வீடு சுமந்து வரணும் என்பதுதான் அந்தக் கோணியின் நியாயம். இன்று கோணி போய் போன் வந்திருக்கிறது. நியாயம் மாறவில்லை.

கொரோனா காலத்தில் பார்த்தோமே. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. ஆளுக்கொரு போன் இருந்த வீட்டில் பாடம் ஓடியது. மூன்று பிள்ளைக்கு ஒரு போன் இருந்த வீட்டில் கடைக்குட்டிக்கு முறை வரவேயில்லை. பிறகு 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. போனால் ஆகாது, ஆள் வேண்டும் என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதான் அது. அந்த ஆளுக்கு அரசு வைத்த விலை மாதம் 1000 ரூபாய்!

போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதை நாம் கையிலெடுக்க வேண்டும். 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் மாணவத் தோழர்கள் சாயங்காலம் அம்பேத்கர் மன்றத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒரு போன் போதும், பத்துப் பிள்ளைகள் கூடிப் பார்க்கட்டும். பார்த்ததை வாய்விட்டுச் சொல்லட்டும். பிள்ளை வாசிப்பதைப் பதிவு செய்து எழுத்தறியாத ஆத்தாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். "எம் புள்ள படிக்குது" என்று அவள் காதால் கேட்கட்டும். ஆனால் போனைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைக்குப் பேச ஆள் வேண்டும்.

அதே சமயம் பள்ளியை விட்டுவிடக் கூடாது. மன்றத்தில் நாம் நடத்துவது பள்ளிக்குப் பதில் அல்ல. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுது. நோட்டில் எழுதி அனுப்பு. எழுத்துக்கூட்ட முடியாத பிள்ளைக்குப் பள்ளி நேரத்திலேயே சொல்லிக் கொடு. போன் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையும் தலைகுனிந்து நிற்கக் கூடாது.

கல்வி நமக்கு உரிமை. ரீசார்ஜ் தீர்ந்தால் தீர்ந்துபோக அது என்ன டேட்டாவா?