உழைப்போர் பகுதி: தள்ளுவதா, இழுப்பதா?

ஆனி பிறந்துவிட்டால் சித்தூர், திருப்பதி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளுக்கு ஓய்வேது? நம் ஊரில் கிளிமூக்கு என்னும் தோத்தாபுரிப் பழம், தாமலசெருவுச் சந்தையிலிருந்தும் தோப்புகளிலிருந்தும் லாரி லாரியாக வந்திறங்கும். பழப்பெட்டிகளையும், பின்னர் கூழ்ப் பீப்பாய்களையும் சக்கர வண்டியில் நகர்த்துவோருள் நம்மவரும் உளர். பருவமோ சில வாரங்களே. அதற்குள் இடுப்புப் பிடித்துக்கொண்டால் கூலி போயிற்று; ஊருக்கு அனுப்பும் பணமும் நின்றது.

இயன்றவரை வண்டியைத் தள்ளுங்கள், இழுக்க வேண்டா. இழுக்கையில் ஒரு கை பின்னே நீண்டு முதுகு முறுகும். வண்டி குதிகாலில் ஏறுவதும் உண்டு. தள்ளினாலோ உடலின் எடையே துணை நிற்கும். ஆனால் வழி மறையும்படி உயர அடுக்கலாகாது. கைப்பிடி இடுப்புக்கும் முழங்கைக்கும் இடையே இருத்தல் நலம்.

ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டியை அசைக்கவே பெரும்பலம் வேண்டும். ஆகவே திரும்பும் சக்கரங்களை முதலில் போகும் திசைக்குத் திருப்பிவிட்டு, ஒரு காலை முன்வைத்து, வெடுக்கென்று உந்தாமல் மெல்லச் சாய்ந்து தள்ளுங்கள். சிறிய சக்கரத்திற்குத் தரைப் பிளவெல்லாம் பள்ளமே. நார் சுற்றிய சக்கரத்தைத் துடைத்து எண்ணெயிடாமல், ஆளின் பலத்தைக் குறைகூறும் மேஸ்திரிகளை என்னென்பது!

ஊறு விளைக்கத்தக்க பாரத்தை எவரையும் தூக்கவோ நகர்த்தவோ செய்தலாகாது என 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவே விதித்தது. நிறைந்த கூழ்ப் பீப்பாய் ஒன்று 200 கிலோவுக்கு மேற்படும். அதனைச் சரிவில் ஏற்றுகையில் இரண்டாவது ஆளைக் கூசாமல் கேளுங்கள்.