வீடு கட்டித் தந்தால் போதுமா?

உணவு, உடை, உறைவிடம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மூன்றும் ஒன்றுபோல் கிடைப்பன அல்ல. அரிசியைப் படியளந்து வாங்கலாம். சேலையைத் தவணையில் எடுக்கலாம். நாள்கூலிக்குப் போகும் குடும்பம் நகரத்தில் கால் கிரவுண்டு மனை வாங்குவது ஒரு தலைமுறையில் முடிகிற காரியமா? மனை விலையை ஏழையின் சேமிப்பு எட்டிப் பிடிப்பதே இல்லை. ஆகவே இதில் அரசு கைகொடுத்தே தீரவேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. எங்கே, எவ்வாறு கைகொடுப்பது என்பதில்தான் நாம் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். இன்று தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் என வழங்கும் அமைப்பு 1961ஆம் ஆண்டு தோன்றியது. மாதச் சம்பளக்காரர் பலர் அதனால் சொந்த வீடு கண்டனர். கூவம் கரையிலும் கடலோரத்திலும் கீற்றுக் குடிசைகளில் வாழ்ந்தவர்களுக்கோ கோடையில் தீ, மழையில் வெள்ளம் என்ற நிலை மாறவில்லை. அவர்களுக்கென 1970ஆம் ஆண்டு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்ற அண்ணாவின் வாக்கே அதன் முழக்கமாயிற்று. (2021இல் அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது.) தொடக்க காலத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே பல மாடிக் கட்டடங்கள் எழுந்தன. வீடு சிறியதுதான்; தண்ணீர்க் குடத்தை மாடிக்குச் சுமந்து பெண்கள் இடுப்பொடிந்ததும் உண்மைதான். ஆயினும் தகப்பனின் வேலையும், தாயின் வியாபாரமும், பிள்ளைகளின் பள்ளியும் இருந்த இடத்திலேயே இருந்தன.

மற்றொரு வழியும் அந்நாளில் கண்டார்கள். உலக வங்கியின் கடனுதவியோடு 1977இல் தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அரசு மனை பிரித்து, சாலையும் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் அமைத்துக் கொடுத்தது. வீட்டை மக்கள் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டார்கள். முதலில் ஓர் அறை. மகனுக்குக் கல்யாணமானபின் மாடி. இன்று அத்தெருக்களில் நடப்பவர்கள் அவை ஏழைகளுக்கென வகுத்த மனைகள் என்று எளிதில் நம்பமாட்டார்கள். தனியொரு குடும்பத்தால் இயலாதது நிலமும் சாக்கடையும். அதை அரசு செய்தது. செங்கல்லை மக்கள் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏறிற்று. அரசின் பார்வை நகரத்தின் ஓரத்திற்குப் போயிற்று. 2000ஆம் ஆண்டு கண்ணகி நகர், பின்னர் செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம் என ஆயிரக்கணக்கில் வீடுகள் எழுந்தன. பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கு மேல். 2015 வெள்ளத்திற்குப்பின் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பல குடும்பங்கள் அங்கே கொண்டுபோகப்பட்டன. போய்ச் சேர்ந்த இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அருகில். அங்கும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும்.

தோழியரே, எண்ணிக்கையைப் பார்த்தால் இது பெரிய சாதனையே. ஆனால் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது வீடு மாற்றப்படும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். பழைய பள்ளி இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால். அண்ணன் எப்படியாவது பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய்விடுவான். அவளைப் பார்த்து, "இருட்டுமுன் திரும்ப முடியுமா?" என்று வீட்டில் ஒரு கேள்வி கேட்பார்கள். அத்தோடு அவள் படிப்பு நின்றுவிடும். நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிய தாயும் பஸ்ஸில் போய்வரும் நேரம் போக மிஞ்சுவதென்ன என்று கணக்குப் பார்த்து வேலையை விட்டுவிடுவாள். இந்தக் கணக்கு எந்தத் திறப்புவிழாக் கல்வெட்டிலும் ஏறுவதில்லை.

இனிக் கட்டும் முறைக்கு வருவோம். 2021 ஜனவரி முதல் நாள் அடிக்கல் நாட்டி, 2022 மே மாதம் திறந்த மத்திய அரசின் முன்மாதிரித் திட்டம் ஒன்று பெரும்பாக்கத்தில் இருக்கிறது. 1,152 வீடுகள். சுவரையும் தளத்தையும் அச்சில் வார்த்து, இறுகியபின் கிரேனால் தூக்கிப் பொருத்தும் முறை. சாரம் கட்டி, சென்ட்ரிங் அடித்து, தளம் இறுக நாள் பார்த்துக் காத்திருக்கும் வேலை வெகுவாகக் குறைகிறது. கொத்தனாருக்குக் கொத்தனார் தரம் மாறுவதும் குறைகிறது. இணைப்புகளில் நீர் கசியாமல் அடைப்பதுதான் இதில் கவனமான வேலை. சுவரை நினைத்தபடி உடைக்க முடியாது என்பதையும் குடியேறுவோருக்குச் சொல்லவேண்டும். (குழந்தைக்குத் தூளி கட்ட ஒரு கொக்கியை வார்க்கும்போதே தளத்தில் பதித்துவிட்டால் என்ன? வரைபடம் போடும் இடத்தில் ஒரு தாய் இருந்தால் முதலில் இதைத்தான் கேட்பாள்.)

இயந்திரம் வந்துவிட்டால் மேற்பார்வை வேண்டாம் என்பதும் இல்லை. 2021இல் புளியந்தோப்பில் புதிய அடுக்குமாடிகளில் கை பட்டாலே பூச்சு உதிர்கிறது என்று குடியிருப்போர் முறையிட்டது சட்டமன்றம்வரை போனது நினைவிருக்கும். கிராமத்தில் நிலை வேறு. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் 8 லட்சம் வீடுகள், வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்கிறது. குடிசை இருந்த தன் மனையிலேயே கட்டுவதால் வீட்டுக்காரி தானே நின்று சிமெண்டு மூட்டையை எண்ணுகிறாள். அந்தக் கண்ணுக்கு ஈடான இன்ஜினியர் உண்டா?

புதிய முறையின் பெருமையே வேகம். அவ்வேகம் எங்கே மிகவும் தேவை? ஊருக்கு வெளியே வெற்று நிலத்திலா? நகரத்துக்குள் அரை நூற்றாண்டுக்கு முன் கட்டிய வாரியக் கட்டடங்கள் இன்று கம்பி தெரிய நிற்கின்றன. இடித்து அங்கேயே கட்டித்தரும் வேலையும் நடக்கிறது. அதற்காக வெளியேறும் குடும்பத்துக்குக் கருணைத் தொகையாக 24,000 ரூபாய் தருகிறார்கள். சென்னை வாடகைக்கு அது எத்தனை மாதம் வரும்? கட்டட வேலையோ ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. இங்கே மிச்சமாகும் ஒவ்வொரு மாதமும் ஓர் ஏழைத் தாய் கடன் வாங்காத மாதம். ஆகவே இந்தப் புது முறையை முதலில் நகரத்தின் நடுவே கொண்டுவர வேண்டும் என்பது நம் துணிபு. குறுகலான தெருவில் கிரேன் நுழையாதே என்பார்கள். துண்டுகளைச் சிறிதாக வார்க்கலாம். அதற்குத்தானே பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன!

சித்தாள் பெண்களை மறந்துவிடக் கூடாது. கல்லும் கலவையும் சுமந்தவர்கள் அவர்கள். சுமை குறைவது நன்றே. கூலியும் சேர்ந்து போய்விட்டால்? 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர்களுக்குத் தனி நலவாரியம் இருக்கிறது. வார்ப்புக்கூடத்தில் அளவு பார்க்கவும், கம்பி கட்டவும், இணைப்பை அடைக்கவும் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் கொத்தனார் சம்பளம் அவர்களுக்கும் கிடைக்கும்.

அதுவரை ஊரோரத்துக்குத்தான் அனுப்ப வேண்டியிருந்தால், சாவி கொடுக்கும் நாளையாவது மே மாதத்தில் வைக்கட்டும். அந்தத் தாளிலேயே பக்கத்துப் பள்ளியில் மகளுக்கு ஒதுக்கிய இடத்தையும், காலையில் முதல் பஸ் புறப்படும் நேரத்தையும் எழுதிக் கொடுக்கட்டும்.