காய்ச்சல் விட்ட நாள்

2017 ஆம் ஆண்டு ஆடி மாதம். உயர்தரப் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. எம்மிடம் பாடங் கேட்க வரும் மாணவன் ஒருவன் காய்ச்சலாய்ப் படுத்துவிட்டான். நான்காம் நாட் காலை அவனுடைய தாயார் தொலைபேசியில் அழைத்து, “சேர், தம்பிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, இன்றைக்குப் பாடத்துக்கு அனுப்பட்டுமா?” என்று கேட்டார். பரீட்சைக் கவலையில் ஆழ்ந்திருந்த நாம் சற்றும் யோசியாது, “அனுப்புங்கள், அம்மா” என்று கூறிவிட்டோம்.

பல்லேபொலவில் எமது வீட்டு விறாந்தையில் வந்தமர்ந்த பிள்ளை, அரைமணி நேரத்துள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். கையைத் தொட்டோம், சில்லிட்டிருந்தது. முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். “காய்ச்சல் விட்ட நாளிலல்லவா இவனைக் கண்ணுங் கருத்துமாய்ப் பார்த்திருக்க வேண்டும்!” என்றார் வைத்தியர். பிள்ளை பிழைத்தான், பரீட்சையும் எழுதினான். ஆயினும் “அனுப்புங்கள்” என்ற எமது சொல் இன்றும் எம்மை விட்டபாடில்லை.

டெங்கு நோயின் வஞ்சகம் இதுதான். ஏனைய காய்ச்சல்களிற் சூடு தணிந்தால் ஆபத்து நீங்கிற்று என்று ஆறுதலடைகிறோம். டெங்கிலோ, சூடு தணியும் வேளையிலேதான் சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களினின்றும் நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்குகிறது. இரத்தம் தடிக்கிறது, அமுக்கம் விழுகிறது. ஓரிரு நாள் நீடிக்கும் அக்காலத்தைக் கடந்துவிட்டால் உடல் தானே தேறும். ஆகவே கடும் வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, கைகால் குளிர்தல், முரசிலோ மூக்கிலோ இரத்தங் கசிதல், பலமணி நேரம் சிறுநீர் கழியாமை ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது.

காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும் உரிய அளவிற் கொடுக்கலாம். உடல்வலிக்கென்று அஸ்பிரின், இபுபுரூபன் முதலியவற்றைக் கொடுப்பது இரத்தக் கசிவுக்கு வழிதிறந்து விடுவதாகும். கஞ்சி, இளநீர், ஜீவனி ஆகியன நன்று. சிவப்பு, கபில நிறப் பானங்களை வைத்தியர்கள் விலக்குகின்றனர். வாந்தியில் இரத்தம் வந்தால் அடையாளங் காண முடியாதல்லவா? பப்பாசி இலைச் சாற்றைப் பற்றிப் பலர் எம்மிடங் கேட்பதுண்டு. அதை நம்பி மூன்றாம் நாளின் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடுவோரைக் கண்டால் எமக்குக் கோபமே வருகிறது.

நோயாளியை நுளம்பு வலைக்குள், அதிலும் பகலில், படுக்க வைக்கச் சொன்னால் வீட்டார் சிரிக்கின்றனர். அவ்வலை அவனுக்கன்று, மற்றோருக்கு! காய்ச்சல் நாட்களில் அவனைக் கடிக்கும் நுளம்பு, வைரசைத் தன் உடலில் வளர்த்து, ஏறக்குறைய பத்து நாட்களின் பின் அவனுடைய தங்கையையோ பாட்டியையோ கடிக்கும். வைரசில் நான்கு வகை உண்டு. ஒருமுறை வந்தவருக்கு வேறு வகை மறுமுறை வந்தால் நோய் கடுமையாவதுண்டு.

1934-35 ஆம் ஆண்டுகளில் மலேரியா இத்தீவில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டது. அயலிலுள்ள குருநாகல் மாவட்டம் பெருந்துயருற்றது. மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாய்த் தேங்கியமையே அதற்குக் காரணம். நெடுங்காலப் போராட்டத்தின் பின், 2016 இல் மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கிற்று. மறு ஆண்டே டெங்கு 1,86,000 பேருக்கு மேற் பீடித்து, நானூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. மலேரியா ஆற்றங்கரையிற் பிறந்தது. டெங்கு எமது முற்றத்திற் பிறக்கிறது. மாத்தளைப் பக்கத்தில் அதற்கு இடமா இல்லை? இறப்பர் மரத்திற் கவிழ்க்காது விட்ட பால் சிரட்டை, பிளந்து வீசிய கொக்கோக் கோது, இலை அடைத்த கூரைப்பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு என எத்தனையோ!

புகை அடித்தால் எல்லாம் அழியும் என்பதும் வீண் நம்பிக்கை. புகை பறக்கும் நுளம்பைக் கொல்லும். நீரிலுள்ள புழுவைத் தொடாது. நீரைக் கொட்டினால் மட்டும் போதும் என்று நாமும் எண்ணியிருந்தோம். முட்டை நீரிலன்று, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கிற் காய்ந்து கிடந்து, மீண்டும் நனைந்ததும் பொரிக்கும். கிழமைக்கொருமுறை உரஞ்சித் தேய்க்க வேண்டும் என்பது அதனாலேயே.

சென்ற கார்த்திகை விளக்கீட்டுக்கு மதில் நெடுகச் சிட்டி விளக்குகள் ஏற்றினோம். மறுநாள் பிள்ளைகள் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டதாகவே நினைத்தோம். பத்து நாள் மழைக்குப் பின், துளசி மாடத்தின் பின்னால் ஒன்று அகப்பட்டது. எண்ணெய் கழுவுண்டு போய், ஒரு கைப்பிடி நீர் கூட இல்லாத அச்சிட்டியில், சின்னஞ்சிறு புழுக்கள் ஏழெட்டு நெளிந்துகொண்டிருந்தன.