கூலன்ட் வந்த கானில் குடிதண்ணீர்

மன்னாரில கான் எண்டால் அது சொத்து. குழாய்த் தண்ணி வராத நாளுக்கு ஒரு கான், கடலுக்குக் கொண்டுபோக ஒரு கான், மண்ணெண்ணெய்க்கு இன்னொன்று. மூடி இறுக்கமான ஐந்து லீற்றர் கானைக் குப்பையில் எறிகிற வீட்டை நாங்கள் இன்னும் காணவில்லை. இது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒருவகைக் கான் மட்டும் கராஜ் வாசலைத் தாண்டி வீட்டுக்கோ வள்ளத்துக்கோ வரவே கூடாது. அது கூலன்ட் வந்த கான்.

மீன் லொறி, ட்ராக்டர், பஸ், ஜெனரேற்றர் என்று ரேடியேற்றர் உள்ள எல்லாவற்றுக்கும் ஊற்றுகிற அந்தப் பச்சை, சிவப்புத் தண்ணிதான் கூலன்ட். பெரும்பாலானவற்றில் இருப்பது எத்திலீன் கிளைக்கோல். அதற்குச் சொந்தமாக நிறமும் இல்லை, சொல்லும்படி மணமும் இல்லை. நிறம் கொம்பனி போடுகிற சாயம். அதற்கென்று இருப்பது ஒரு குணம்: இனிக்கும். வில்லங்கமே அங்கேதான்.

"பனி விழாத ஊருக்கு இது என்னத்துக்கு, கிணத்துத் தண்ணிய ஊத்துங்கோ" என்று சொல்கிற அண்ணன்மார் எல்லாக் கராஜிலும் இருக்கிறார்கள். அவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 107 பாகை செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். ரேடியேற்றர் மூடியின் அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். துருப்பிடிக்காமலும் காக்கும். எங்கள் உவர்த் தண்ணி ரேடியேற்றரைத் தின்றுவிடும். ஆகவே கூலன்ட் வேண்டாம் என்பதல்ல எங்கள் பேச்சு. (வள்ளத்து அவுட்போட் எஞ்சினுக்கு அது தேவையே இல்லை, கடல் தண்ணியை இழுத்தே குளிர்ந்துகொள்ளும். அப்படியிருந்தும் கூலன்ட் கான் வள்ளத்தில் ஏறுகிறது என்பதுதான் கதை.)

உள்ளே போனால் நடப்பது இதுதான். கிளைக்கோலை விடக் கொடியது, ஈரல் அதை உடைத்து உண்டாக்குகிற அமிலங்கள். அவற்றில் ஒன்றான ஒக்சாலிக் அமிலம் உடம்பின் கல்சியத்தோடு சேர்ந்து ஊசி ஊசியான பளிங்காகிச் சிறுநீரகத்தை அடைக்கிறது. கலக்காத கூலன்ட் மூன்று தேக்கரண்டி போதும், சிகிச்சை கிடைக்காவிட்டால் பத்துக் கிலோக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. பெரியவருக்கு ஏறக்குறைய 100 மில்லிலீற்றர்.

முதல் சில மணித்தியாலங்கள் ஆளைப் பார்த்தால் வெறியில் இருப்பவர் போலத்தான் தெரியும். தள்ளாட்டம், குழறல், வாந்தி. வாயில் சாராய மணம் மட்டும் இருக்காது. எங்கள் கரையில் ஒருவர் தள்ளாடினால் என்ன சொல்வோம்? "விடு, படுத்தெழும்பினாச் சரியாயிடும்." அவர் படுத்திருக்கிற அந்த நேரத்தில்தான் அமிலம் சேர்கிறது. சிறுநீரகம் செயலிழப்பது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில்.

இந்தக் குடும்பத்து விஷம் எங்களுக்குத் தூரத்துச் செய்தியும் இல்லை. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் குடித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து, கடலுக்கு அந்தப்பக்கம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது. அதில் டைஎத்திலீன் கிளைக்கோல் 48.6 வீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை சொன்னது. எத்திலீன் கிளைக்கோலின் ஒன்றுவிட்ட சகோதரம் அது. அங்கேயும் போனது சிறுநீரகம்தான்.

"நல்லாக் கழுவினாப் போயிடும்தானே?" என்று கேட்பீர்கள். பெரும்பாலும் போய்விடும், கிளைக்கோல் தண்ணீரில் கரையக்கூடியது. ஆனால் எங்கள் பயம் கானில் ஒட்டியிருக்கிற மிச்சத்தைப் பற்றியது மட்டுமல்ல. கூலன்ட் படம் போட்ட கானில் தினமும் தண்ணி குடிக்கிற பிள்ளை, அந்தக் கான் என்றால் தண்ணி என்று பழகிக்கொள்கிறது. ஒருநாள் கராஜ் மூலையில் அதே கான் நிறைந்து நிற்கும். மறுபக்கத்தில், பெரிய கானிலிருந்து சோடாப் போத்தலில் கூலன்டை ஊற்றி விற்கிறார்கள். நெக்டோப் போத்தலில் பச்சையாய், இனிப்பாய் ஒன்று நின்றால் ஐந்து வயதுப் பிள்ளை வேறு என்ன நினைக்கும்? சில்லறையாக விற்பதைக் கடைக்காரர்கள் நிறுத்தவேண்டும். அதிகாரிகள் கேட்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கசப்பு மருந்து சேர்த்தால் போதாதா? அமெரிக்காவில் 2012இல் உற்பத்தியாளர்கள் தாங்களாகவே எல்லா மாநிலங்களிலும் சேர்க்க ஒத்துக்கொண்டார்கள். நல்லதுதான். ஆனால் அதற்கு முன்பே சட்டம் போட்டுக் கசப்புச் சேர்த்த மாநிலங்களில், குழந்தைகள் விழுங்குவது பெரிதாகக் குறையவில்லை என்று ஓர் ஆய்வு கண்டது. கசப்புத் தெரிவது முதல் மிடறுக்குப் பிறகுதானே.

கராஜில் வேலைசெய்கிற தம்பிமாருக்கு: சூட்டோடு ரேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும். இறக்கிய பழைய கூலன்டை மண்ணில் விடாதீர்கள். மண் அதை நாளடைவில் சிதைக்கும் என்பது உண்மை, ஆனால் அதோடு வருகிற உலோகத் துகள் சிதையாது. தீவில் நன்னீர் கிடப்பதோ கொஞ்ச ஆழத்தில்தான். அதோடு தெருவெல்லாம் கழுதை, ஆடு, நாய். பூனைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டியே அதிகம். ஊற்றுப்பட்டால் மணலைப் போட்டு அள்ளி மூடிவையுங்கள். வெறுங்கானை ஓட்டை போட்டுவிடுங்கள், பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கப் பண்ணாதீர்கள், உடனே 1990க்கு அடியுங்கள். அற்ககோல் இதற்கு மாற்றுமருந்து என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மெய்தான், ஃபொமெபிசோல் இல்லாத இடத்தில் டொக்டர்மார் அளந்து கொடுப்பார்கள், தேவையானால் டயாலிசிஸும் செய்வார்கள். வீட்டில் சாராயம் பருக்குவது அந்த வைத்தியம் அல்ல. போகும்போது கானையும் கையோடு கொண்டுபோங்கள். நாங்கள் கடைகளில் புரட்டிப் பார்த்த கான்களில் எச்சரிக்கை ஆங்கிலத்தில்தான் இருந்தது, தமிழில் ஒரு வரி இல்லை. டொக்டராவது அதை வாசிப்பார்.