முத்திரை குத்துவதற்கு முன்

1981 பிப்ரவரியில் செங்கோட்டை அருகே மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் திரளாக இஸ்லாத்தைத் தழுவின. டெல்லியிலிருந்து தலைவர்கள் படையெடுத்தார்கள், வாஜ்பாயும் வந்தார். ‘வளைகுடாப் பணம்’ என்று சொல்லிவிட்டால் போதும், விசாரணை முடிந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். மதம் மாறியவர்களோ, போய்க் கேட்டவர்களிடம் வேறு கதை சொன்னார்கள்: டீக்கடையில் தனி டம்ளர், போலீஸ் தொல்லை, படித்து வேலைக்குப் போனாலும் விடாமல் துரத்தும் சாதிப் பெயர். பணம் வந்ததா என்று கேட்டதில் தப்பில்லை. அந்த டம்ளரை யார் தனியாக வைத்தது என்று அதே வேகத்தில் யாரும் கேட்கவில்லை என்பதுதான் தப்பு.

அமெரிக்கக் கறுப்பர் அரசியலிலும், ஒன்றைக் கேட்டு மற்றதைக் கேட்காமல் விடும் இந்தச் சிக்கல் உண்டு. 1965இல் செல்மாவில் கறுப்பர் உரிமைக்கான ஊர்வலத்தில் மார்ட்டின் லூதர் கிங்கோடு யூத அறிஞர் ஹெஷல் நடந்தார். ஆனால் 1984இல் கறுப்பர் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன், ஜனாதிபதி வேட்பாளராக நிற்க முயன்றபோது, யூதர்களை இழிவாகக் குறிப்பிட்டது வெளியே வந்தது; முதலில் மறுத்தவர், பிறகு யூத வழிபாட்டுக்கூடம் ஒன்றிலேயே மன்னிப்புக் கேட்டார். அந்தப் பேச்சு வெறுப்புப் பேச்சுதான், அதில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை. அதற்காகக் கறுப்பர்களின் வறுமையும் போலீஸ் அடியும் பொய்யாகிவிடுமா? வெறுப்பையும் கண்டனத்தையும் பிரித்துப் பார்க்கவும் வேண்டும்: இஸ்ரேல் அரசைக் கண்டிக்கிறவர் எல்லாரும் யூத வெறுப்பாளர் அல்ல; அந்த அரசு செய்ததற்குத் தெருமுனை யூதக் கடைக்காரரைப் பொறுப்பாளியாக்குகிறவரை வேறு எப்படிச் சொல்வது? ‘இதில் வெறுப்பு இருக்கிறதா’ என்பது ஒரு கேள்வி. ‘இவர்கள் குறை என்ன’ என்பது இன்னொன்று. ஒன்றைக் காட்டி மற்றதை மூடுவதில் எல்லாக் கட்சிகளும் கைதேர்ந்தவை.

மீனாட்சிபுரம் இருக்கும் தென்காசிப் பகுதி இப்படி மூடி மறைத்ததற்குக் கொடுத்த விலை பெரிது. 2007 ஆகஸ்டில் பட்டப்பகலில் இந்து, முஸ்லிம் தரப்பினர் மோதி ஆறு பேர் மடிந்தார்கள். 2008 ஜனவரியில் ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்ததும், ஊர்ப் பேச்சு ஒரு சமூகத்தின் பக்கம் விரலை நீட்டியது. போலீஸ் கைது செய்ததோ இந்து அமைப்பைச் சேர்ந்தவர்களை. பழியைத் திருப்பிப் பகையைக் கிளறவே இது நடந்தது என்றார்கள் அதிகாரிகள்.

பொட்டல்புதூர் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போகிறோம், பிரானூர் பார்டர் கடையில் ஒரே பெஞ்சில் பரோட்டா தின்கிறோம், இது போதாதா என்பார்கள். போதாது. 2007க்கு முன்பும் அப்படித்தான் தின்றுகொண்டிருந்தோம்.

அப்படியானால் என்ன செய்வது? தன் மேடையில் இன்னொரு சாதியை, மதத்தை இழிவாகப் பேசுகிறவரிடமிருந்து மைக்கை வாங்க வேண்டியவர் அந்தக் கட்சியின் மாவட்டச் செயலாளர்; எதிர்க்கட்சிக்காரர் கண்டித்தால் அது வெறும் அரசியல். ஜமாஅத்துக்கும் சாதிச் சங்கங்களுக்கும் இதே கடமைதான். வழக்குப் பதியும் முன்பே ‘காரணம்’ கண்டுபிடித்து எழுதுகிற பழக்கத்தைப் பத்திரிகைக்காரர்களாகிய நாங்களும் விட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே தள்ளிவிடுகிற நம் வீட்டுப் பெரியவர்களை யார் கேட்பது? நாம்தான்.

அமைதிக் குழு என்று ஒன்று உண்டு. கலவரம் நடந்த பிறகோ, விநாயகர் ஊர்வலத்துக்குச் சில நாள் முன்போதான் அதன் நினைவு வருகிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஆனியிலேயே அதைக் கூட்டச் சொல்லி ஆட்சியரிடம் எல்லாத் தரப்பும் சேர்ந்து மனுக் கொடுக்கலாம். கூட்டத்தின் முதல் பொருள் ஊர்வலப் பாதையாக இருக்க வேண்டாம்; மீனாட்சிபுரத்திலிருந்து சிலரை அழைத்து, 1981இல் கேட்காமல் விட்டதை முதலில் கேட்கலாம்.