அன்று நான் எழுந்து நிற்கவில்லை

2014. இளங்கலை முதலாமாண்டில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது அலுவலக ஊழியர் ஒருவர் படிவக் கட்டோடு வாசலில் வந்து நின்றார். "எஸ்சி பசங்க எல்லாம் எழுந்திருங்க. ஸ்காலர்ஷிப் ஃபார்ம்." அறுபது பேர் இருந்த வகுப்பில் நான்கு பேர் எழுந்தார்கள். ஐந்தாவதாக எழுந்திருக்க வேண்டியவன் நான். குனிந்து நோட்டில் எதையோ எழுதுவதுபோல் இருந்துவிட்டேன்.

அந்த ஒரு நிமிடத்தால் அந்த ஆண்டு உதவித்தொகை போனது. கட்டணம் கட்ட அப்பா வட்டிக்கு வாங்கினார். ஊருக்குப் போகும்போதெல்லாம் "ஃபார்ம் குடுத்தாங்களாப்பா?" என்று கேட்பார். "இன்னும் குடுக்கலப்பா" என்று பொய் சொல்வேன்.

என் கோழைத்தனம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகு ரெட்டமலை சீனிவாசன் தன் வாழ்க்கை பற்றி எழுதியதைப் படித்தேன். கோவையில் படித்த காலத்தில், தன் சாதி தெரிந்துவிடுமோ என்று சக மாணவர்களோடு பழகவே அஞ்சியதைச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பெரிய தலைவரையும் ஒளிய வைத்த வகுப்பறை அது. நூறாண்டு கடந்தும் அதே வகுப்பறையில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன்.

2016 ஜனவரியில், ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா இறந்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். ஏழு மாத ஆய்வு உதவித்தொகை வர வேண்டியிருக்கிறது என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். அன்றிரவு எங்கள் விடுதியில் கூடினோம். அந்த நால்வரிடமும் உண்மையைச் சொன்னேன். "எங்களுக்கு அன்னைக்கே தெரியும்டா" என்றான் ஒருவன். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஐந்து பேரும் கையெழுத்திட்டு மனு கொடுத்தோம். "உதவி செய்யத்தானே கூப்பிடுகிறார்கள், இதில் என்ன தவறு?" என்றார் துறைத்தலைவர். ஆய்வு மாணவரான அண்ணன் ஒருவர் யுஜிசி 2012இல் கொண்டுவந்த விதிமுறையை அச்செடுத்துத் தந்திருந்தார். வகுப்பில் மாணவரின் சாதியை அறிவிப்பதே பாகுபாடு என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதை மேசையில் வைத்தோம். அடுத்த ஆண்டு முதல் அறிவிப்புப் பலகையில் கடைசித் தேதி மட்டும் ஒட்டினார்கள். படிவத்தை அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். மூன்றாண்டில் நான் கற்ற பெரிய பாடம் அதுதான்.

உதவித்தொகை யாரும் போடும் பிச்சை அல்ல. 1942இல் அம்பேத்கர் வைசிராயிடம் அளித்த மனுவில் நம் பிள்ளைகளின் உயர்கல்விக்கு அரசு நிதி கேட்டார். 1944 முதல் நடைமுறையில் இருக்கும் திட்டம் இது. வாதாடிப் பெற்றதை வாங்கத் தலைகுனிய வேண்டியதில்லை.

இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் நிறுவனத்தில் சம வாய்ப்பு மையம் எங்கே இருக்கிறது, பாகுபாடு குறித்த புகாரை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று முதல் வாரமே கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள்.

உங்கள் வகுப்பிலும் ஒருவன் நோட்டில் எதையோ எழுதுவதுபோல் குனிந்திருக்கலாம். அவனைக் கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள்.

ஜெய்பீம்.